வெளியே கேட்குதா?

ஜூன் 4, புதன்

மாமா காலி அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று தேடுவது போல மேற்சுவரைப் பார்த்தார். நான் துடைப்பத்தோடு கதவருகே நின்றிருந்தேன்.

"அம்முணி, வெளிய போயி கதவச் சாத்து."

சாத்தினேன். உள்ளே இன்னொரு தட்டல்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க மாமா."

கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் சரியில்லை. பிறகு சிரித்தார். "ஹோம் தியேட்டர் போடப் போறேன். உங்கொக்காளுக்குப் படம்னா உசுரு. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனா ஊரே அவளப் பாக்குது. வீட்டுக்குள்ளயே பாக்கட்டும்."

இதுவரை லேபிள் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறை அது. மாமா பனியனில் தைக்கும் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஜோதிமணி அக்காவின் பவர் டேபிள் தையல் கூடம். எட்டுப் பெண்கள் காலையிலிருந்து பனியன் தைக்கிறார்கள். நாலு மணிக்கு டீக்காக மிஷின்களை நிறுத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் ஒரே இரைச்சல்தான்.

நான் இங்கே வந்து பத்து மாதம் ஆகிறது. அக்கா படியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தபோது, ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள் என்று அம்மா அனுப்பினாள். அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.

இந்த டைரி மாமா கம்பெனி டைரி. அட்டையில் முருகன் படம். கொடுக்கும்போது, "என்ன எழுதறீன்னு ஒருநாளைக்கு எனக்குக் காட்டோணும்" என்றார். அதனால் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஜூன் 5, வியாழன் ●

அக்காவுக்குத் தலைவலி. பால் இரண்டு பாக்கெட். சமையல் நான்.

ஜூன் 8, ஞாயிறு

கோயமுத்தூர் போனோம். மாமா, அக்கா, நான். காரில் முன் சீட்டில் அக்கா. அந்த வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ஜாக்கெட்.

கடை முதல் மாடியில். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கீழே கம்பளம். ரஹீம் அண்ணன் என்று ஒருவர் எல்லாம் காட்டினார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஓயாமல் பேசுகிறார்.

"முதல்ல ஸ்பீக்கரப் பாத்துருவோம் சார். ரிசீவர் அப்புறம். மாப்பிள்ளை அளவு தெரியாமச் சட்டை தைக்க முடியுமா?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றார் மாமா. "உள்ள எவ்வளவு சத்தம் வந்தாலும் வெளிய பொட்டுச் சத்தம் போகப்படாது."

ரஹீம் அண்ணன் சிரித்தார். "எல்லாரும் உள்ளே எப்படிக் கேக்கும்னு கேப்பாங்க. வெளியே எப்படின்னு முதல்ல கேட்ட ஆளு நீங்கதான் சார்."

"பக்கத்துல பொம்பளைங்க வேல செய்யறாங்க. அவிகளுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"நல்ல மனசு சார் உங்களுக்கு."

அறை எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். பன்னிரண்டுக்குப் பதினாறு. அந்த அளவுக்கு ஆள் உயர ஸ்பீக்கர் வேண்டாம், அலமாரியில் வைக்கும் அளவு போதும், கீழ்ச்சத்தத்துக்குத் தனியாக ஒரு சப்வூஃபர், பேச்சுக்கு நடுவில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு என்றார். மாமா பெரியதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஹீம் அண்ணன் அக்காவிடம், "நீங்க சொல்லுங்கக்கா, எது பிடிச்சிருக்கு?" என்றார்.

அக்கா மாமாவைப் பார்த்தாள். "அவிகளுக்குப் பிடிச்சதே எனக்கும் போதுமுங்க."

"அப்ப தங்கச்சி சொல்லட்டும். திரும்பி நில்லும்மா. நான் ஒண்ணு, ரெண்டுன்னு மாத்தி மாத்திப் போடறேன். கண்ணால பாத்தா பெருசுதான் நல்லாருக்கும். காதுக்கு அளவு தெரியாது."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பள்ளியில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். சுவரைப் பார்த்து நின்றேன். ஒரு பெண் பாடுகிற பாட்டு. ஒன்று. பிறகு இரண்டு. மறுபடியும் ஒன்று.

"சொல்லு, அம்முணி" என்றார் மாமா.

"ரெண்டாவதுங்க."

"ஏன்?" என்றார் ரஹீம் அண்ணன்.

"அந்தம்மா பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாங்க. ரெண்டாவதுல அது கேக்குது."

திரும்பிப் பார்த்தால் ரஹீம் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். "சார், நான் பதினாலு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்தக் காது எனக்கில்லை."

"என்ற கொழுந்தியாளாக்கும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம்.

எனக்குக் காது கூர்மைதான். மாமாவின் பைக் தண்ணித் தொட்டி திருப்பத்தில் வரும்போதே தெரிந்துவிடும். செருப்பை மெதுவாக விடுகிறாரா, உதறி விடுகிறாரா என்பது சமையலறையிலிருந்தே தெரியும். தோசைக்கல்லை அடுப்பில் வைக்க அது வசதி.

நான் சொன்ன இரண்டாவதையே எடுத்தோம். ஸ்பீக்கர்களை இயக்குகிற ரிசீவரில் இரண்டு காட்டினார். ஒன்று பெரிய பெட்டி, ஏழு ஸ்பீக்கர் இழுக்கும். இன்னொன்று ஐந்துதான், ஆனால் மைக் வைத்துப் பாடலாம், மைக்குக்கு ஒயர் கிடையாது. லேபிள் கம்பெனிக்காரர்கள் சங்க ஆண்டு விழாவில் வருடா வருடம் மாமாதான் பாடுவார். மைக்கைக் கையில் வாங்கியதுமே அது முடிவாகிவிட்டது. அதோடு மழை வெயில் தாங்குகிற ஸ்பீக்கர் இரண்டு இலவசம்.

"இதை வெளிச்சுவர்ல மாட்டலாம் சார். ரிசீவர்ல ஏ, பி-ன்னு ரெண்டு பட்டன். ஏ அழுத்தினா ரூமுக்குள்ள. பி அழுத்தினா வெளியே. ரெண்டும் அழுத்தினா ரெண்டு பக்கமும்."

"பொங்கலுக்கு ஆகும்" என்றார் மாமா.

திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நல்ல நாள்.

ஜூன் 9, திங்கள் ●

பால் இரண்டு பாக்கெட். கடைக்காரனிடம் அக்கா எதற்காகச் சிரித்தாள் என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தார். துணி நிறைய இருந்தது, துவைத்தேன்.

ஜூன் 14, சனி

நாலு நாளாக ஆட்கள் வந்து பின்னறைச் சுவரில் கம்பளி மாதிரி ஒன்றை அடைத்து, மேலே முட்டைத் தட்டு போல மேடும் பள்ளமுமாக இருக்கிற கறுப்புப் பஞ்சு ஒட்டினார்கள். உள்ளே போனால் நம் குரலே நமக்கு அருகில் விழுந்துவிடுகிறது. காதை யாரோ பொத்தின மாதிரி.

மாமா என்னைக் காம்பவுண்டுச் சுவரோரம், முருங்கை மரத்தடியில் நிற்கச் சொன்னார். அக்காவை உள்ளே நிறுத்தி, தானும் உள்ளே இருந்து கதவைச் சாத்தினார். "கூப்பிடு. சத்தமா" என்பது சாத்துவதற்கு முன் கேட்டது.

பிறகு வந்து கேட்டார். "என்ன கேட்டுச்சு?"

"ஏனுங்கன்னு கூப்பிட்டாங்க."

"நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க மாமா."

இன்னும் ஒரு அடுக்கு ஒட்டப் போகிறார்கள்.

ஜூன் 18, புதன் ●

மறுபடியும் அதே மாதிரி பார்த்தோம். இந்த முறை வெகுநேரம் முருங்கை மரத்தடியில் நின்றேன். எறும்பு ஏறியது, தட்டவில்லை.

"இப்ப என்ன சொன்னா?" என்று கேட்டார் மாமா.

"அம்மான்னுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பரவால்லயே" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 21, சனி

ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து இறங்கின. கொத்தனார் வந்து ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டார். கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு, சுற்றிலும் ரப்பர். "காத்துக்கு என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். "ஏசி" என்றார் மாமா. வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார். வர்ற விருந்தாளிகளின் சின்னக் குழந்தைகள் உள்ளே போய் ஒயரை இழுத்துவிடும் என்றார்.

ஏப்ரலுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு விருந்தாளி யாரும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இது வேறு நோட்டு. என் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் நோட்டு. முன்னால் பதினாறு பக்கம்தான் எழுதியிருக்கிறது, பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இன்று மாமா டைரியைக் கேட்டார். சோபாவில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான் எதிரில் நின்றிருந்தேன். அக்கா சமையலறையில் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"நல்லா எழுதறியே அம்முணி. ஐஸ்கிரீம் எல்லாம் வந்துருக்குது." இன்னும் இரண்டு தாள். "இதென்ன தேதிக்குப் பக்கத்துல புள்ளி?"

"பால் கூட வாங்குன நாளுங்க மாமா."

அவர் பழைய தாள்களுக்குத் திரும்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "அஞ்சாந்தேதி, ரெண்டு பாக்கெட். ஒம்பது, ரெண்டு பாக்கெட். பதினெட்டுல பால் எழுதலியே?"

"மறந்துட்டனுங்க."

"மறக்கப்படாது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பதினெட்டாம் தேதியில் என் கையெழுத்துக்குக் கீழே 'பால் 2' என்று அவரே எழுதினார். டைரியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

அந்த டைரியில் இனிமேல் பால், சமையல், படம் என்று எழுதுவேன். இந்த நோட்டு மாமா கை வைக்காத ஒரே இடத்தில் இருக்கும். என் துணிப்பையில், நாப்கின் பாக்கெட்டுக்குள், இரண்டாக மடித்து.

ஜூன் 25, புதன்

புள்ளி பாலுக்கு இல்லை.

இதை எழுதிவிட்டுக் கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை.

முன்பெல்லாம் அக்காவை அடிக்க மாமா மிஷின் ஓடுகிற நேரமாகப் பார்ப்பார். எட்டு மிஷின் இரைச்சலில் எதுவும் தெரியாது. ஏப்ரலில் ஒருநாள் ஆரம்பித்துவிட்டார், நாலு மணி ஆனதைக் கவனிக்கவில்லை. மிஷின் நின்றது. அக்கா குரல் நிற்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் கேட்டுக்கு வெளியே எல்லாப் பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள். கையில் டீ டம்ளரோடு சிலர். கேட் பூட்டியிருந்தது, எப்போதும் பூட்டித்தான் இருக்கும். ஜோதிமணி அக்கா கம்பியைப் பிடித்து ஆட்டினார். மாமா என்னைத்தான் அனுப்பினார். "போயிச் சொல்லு" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்.

"என்ன கண்ணு சத்தம்? யாரு அழுதா?"

"அக்கா பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க."

"நெசமாவா?"

"ஆமாங்க."

ஜோதிமணி அக்கா என் முகத்தையே பார்த்தார். "கதவத் தொற. நான் பாத்துட்டுப் போறேன்."

"சாவி மாமாகிட்ட இருக்குதுங்க."

சாவி எனக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. அவருக்கும் அது தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க அய்யா, உங்கூட்டு பாத்ரூம் தினமும் வழுக்குதாட்டம் இருக்குதே. வெளக்கமாத்த எடுத்துட்டு நாங்க வேணா வந்து தேச்சுக் குடுக்கட்டுமா?" என்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே நின்றார்கள், போகவில்லை. விஷயம் சங்கம் வரைக்கும் போய், யாரோ மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. அக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு நாள்.

அம்மாவிடம் மாமாவின் போனில்தான் நாங்கள் பேச முடியும். அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். மாப்பிள்ளை தங்கம், உங்களுக்காகத் தியேட்டரே கட்டுகிறார் என்று அம்மா சொல்கிறாள்.

அந்தப் பெண்களுக்குக் கேட்டதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே காவல். அதனால்தான் இந்த அறை. கை தட்டின அன்றே எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதினான்காம் தேதி முருங்கை மரத்தடியில் எனக்குக் கொஞ்சம்தான் கேட்டது. பதினெட்டாம் தேதி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன். எவ்வளவு ஒட்டினாலும் சத்தம் போகத்தான் செய்யும் என்று நினைத்து விட்டுவிடுவார் என நம்பினேன். அம்மா என்று கத்தியிருப்பாள் என்று ஊகித்தேன். அக்கா எப்போதும் அப்படித்தான் கத்துவாள்.

அவர் விடவில்லை. ஜன்னலை அடைத்தார். கதவுக்குக் கதவு வைத்தார். நான் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த ஜன்னலாவது இருந்திருக்கும்.

ஜூன் 28, சனி

ரஹீம் அண்ணன் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். காலையில் மாமா கூடவே இருந்தார். பதினோரு மணிக்குக் கம்பெனியில் மிஷின் நின்றுவிட்டது என்று போன் வர, "உங்கொக்கா மாடியில துணி காயப் போடட்டும், நீ இவரு கூட நின்னு பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

ரஹீம் அண்ணன் அறைக்குள் நின்று நெற்றியைத் துடைத்தார். "இதென்ன, ஜன்னலக் காணோம்? காத்து வர ஒரு ஓட்டைகூட இல்லை. ரிசீவரை உள்ளே வெச்சா, ஏசி ஓடாதப்ப வெந்து போயிரும் தங்கச்சி. ஹால்ல வெச்சுட்டுச் சுவர்ல துளை போட்டு ஒயரை உள்ளே கொண்டுபோறேன். சார்கிட்டப் பேசிட்டேன், சரின்னுட்டாரு. உள்ளே ஒரு சென்சார் வெச்சுத் தர்றேன், அங்க இருந்தே ரிமோட்டுல இயக்கிக்கலாம்."

அப்படித்தான் ரிசீவர் ஹாலுக்கு வந்தது, சாமி அலமாரிக்குப் பக்கத்தில். மைக்கின் சின்னப் பெட்டியும் அதன் மேலே. வெளி ஸ்பீக்கர் இரண்டையும் பின்சுவரில், பவர் டேபிள் கூரையைப் பார்த்த மாதிரி மாட்டினார். அங்கேதான் ஒயர் எட்டியது.

"பி சரியா வருதான்னு பாத்துருவோம். நீ போய்ப் பின்னால நில்லு. நான் உள்ளே மைக்குல பேசறேன். ரெண்டு கதவையும் சாத்திட்டு."

முருங்கை மரத்தடிக்குப் போனேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் ஒரு மூச்சு. எனக்கு மேலே, ஆகாயத்திலிருந்து வருவது போல. பிறகு, "ஹலோ. மைக் டெஸ்ட். வெளியே கேட்குதா தங்கச்சி? ஹலோ, ஹலோ."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "கேக்குது சாமீ! ஒரு பாட்டுப் பாடு!" என்றது. ஒரே சிரிப்பு. அந்த வெளக்கமாத்து அம்மாவின் குரல். ஜோதிமணி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

உள்ளே ரஹீம் அண்ணனுக்கு இது எதுவும் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்துதான், "வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க."

மைக்கை என்னிடம் காட்டினார். கீழே சின்ன பட்டன், பச்சை விளக்கு. "பாடி முடிச்சதும் அணைச்சுரணும். மறந்துட்டா ஆறு மணி நேரத்துல செல் போயிரும்."

புறப்படும்போது கதவின் வெளிப்பக்கம் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "இதென்ன, வெளியே இருந்து?"

மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தாள், காலி வாளியோடு, கை மறைத்த ஜாக்கெட்டோடு. ரஹீம் அண்ணன் அந்த ஜாக்கெட் கையைப் பார்த்தார். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 29, ஞாயிறு

கடைசியாக ஒருமுறை சோதித்தார். இந்த முறை அக்காவை மட்டும் உள்ளே விட்டு வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மாமா என்னோடு முருங்கை மரத்தடிக்கு வந்தார். ஞாயிறு, மிஷின் இல்லை. ஒரு காகம் மட்டும்.

"கத்தச் சொல்லியிருக்கேன். கேக்குதா?"

"இல்லைங்க மாமா."

என் தலையில் கை வைத்தார். "இப்பத்தான் உண்மையச் சொல்ற. ரெண்டு தடவ பொய் சொன்ன பாரு, அதனாலதான் ரூமு இவ்வளவு ஜோரா வந்துருக்குது."

காகம் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவை அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட்டார்.

ஜூலை 2, புதன்

மாலையில் மாமாவின் நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். அக்கா போண்டா சுட்டாள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து படம் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாமா மைக்கில் மூன்று பாட்டுப் பாடினார். "சவுண்டு யாரு செலக்சன்?" என்று கேட்டார்கள். "என்ற கொழுந்தியா" என்றார்.

போண்டாத் தட்டோடு நின்றேன். நல்ல சவுண்டு என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஜூலை 3, வியாழன் ●

மாமா நாலு மணிக்கு வந்தார். மிஷின் நின்றிருந்த நேரம். இனி அவருக்கு மணி பார்க்கத் தேவையில்லை.

"ரேகா, வா. படம் பாக்கலாம்."

படம் போடவில்லை. ரிசீவர் ஹாலில்தான் இருக்கிறது, அதில் விளக்கு எரியவில்லை.

நான் கதவில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. சுவரில் வைத்தேன். தரையில் படுத்துக் கதவின் அடியில் வைத்தேன், ரப்பர் வாசனை மட்டும் வந்தது. வெளியே பெண்கள் யாருடைய கல்யாணச் சேலையைப் பற்றியோ பேசிச் சிரித்தது தெளிவாகக் கேட்டது. நாற்பது நிமிஷம். சத்தம் வந்த நாட்களில், எப்போது முடியும் என்று சத்தத்தை வைத்து எனக்குத் தெரியும். இன்று அதுவும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதும் தெரியவில்லை.

மாமா வந்து முகம் கழுவிக்கொண்டு கம்பெனிக்குப் போனார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குக் குரல் வரவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ரூபி, கேட்டுச்சா?"

"இல்லக்கா."

தலையை ஆட்டினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அடுத்த தடவ கத்த மாட்டேன். வீணா எதுக்கு?" என்றாள்.

நான் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "கத்துக்கா" என்றேன். "நல்லாக் கத்து."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பகல் முழுக்க ரிசீவரைத் துடைத்தேன். மாமா இல்லாத நேரத்தில் ஒருமுறை ஆன் செய்து பார்த்தேன். பி-யை அழுத்தும்போது 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம் வருகிறது. உடனே அணைத்துவிட்டேன்.

மாமா டைரியில் எழுதினேன்: வெள்ளிக்கிழமை. வீடு கழுவினோம். பால் ஒன்று.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து மாமாவுக்கு முகம் சரியில்லை. டிபனில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார். "சாயங்காலம் வர்றேன். படம் பாக்கலாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பகலில் சாப்பிடவில்லை. நானும்.

மூன்றரைக்கு அறையைப் பெருக்கப் போனேன். மைக்கை எடுத்து பட்டனைத் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு கீழே பார்க்கிற மாதிரி சோபாவுக்கு அடியில் வைத்தேன். ஒருமுறை கீழே போட்டுவிட்டேன். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். வெளியே வந்து கை கழுவினேன், அழுக்கே இல்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பைக் தண்ணித் தொட்டி திருப்பத்தில் வந்தது. கேட்டைத் திறந்து வண்டியை விட்டார், பூட்டினார், சாவியை ஆணியில் மாட்டினார். செருப்பு ஒன்று சுவரில் போய் அடித்தது. இன்னொன்று படியில் விழுந்தது.

"ரேகா."

அக்கா அடுப்பை அணைத்தாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முந்தானை நுனி என் கையில் பட்டுப் போனது.

முதல் கதவு. இரண்டாவது கதவு. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவ்வளவுதான் கேட்டது.

ரிசீவருக்கு முன்னால் போய் மண்டி போட்டேன். ஆன் செய்தேன். வெளியே மிஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிஷம் இருந்தது. அந்த இரண்டு நிமிஷமும் உள்ளே அக்கா தனியாக இருந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் எண் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு மிஷின் நின்றது. இன்னொன்று. பிறகு எல்லாம். டம்ளர்கள் மோதுகிற சத்தம். யாரோ யாரையோ, "ஏண்டி, சக்கரை போட்டியா?" என்று கேட்டது.

ஏ-யை அணைத்தேன். பி-யை அழுத்தினேன். 'டக்' என்றது. மைக் சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினேன்.

முதலில் அக்கா மூச்சு இழுத்தது கேட்டது. வீட்டுக்குப் பின்னால் அத்தனை பெரிதாக, கூரை மேல் யாரோ உட்கார்ந்து இழுப்பது போல. பிறகு மாமாவின் குரல், சங்க விழாவில் கேட்பது போல அவ்வளவு தெளிவாக. பிறகு அக்கா. கத்தினாள். நான் சொன்னபடி நன்றாகக் கத்தினாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

நான் எழுந்தேன். கால் மரத்திருந்தது. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கேட்டைத் திறந்து, அதன் இரண்டு கதவுகளையும் சுவர் வரைக்கும் தள்ளி வைத்தேன்.